சி-எதிர்வினைப் புரதம்

சி-எதிர்வினைப் புரதம் (சி.ஆர்.பி.) என்பது உடலில் அழற்சி ஏற்படும்போது கல்லீரல் மிகுதியாக உண்டாக்கி இரத்தத்தில் விடும் புரதமாகும். முடக்கு வாதம் போன்ற நாட்பட்ட அழற்சி நோய்களை அறிய உதவும் உயிர்க்குறிப்பான்களில் இதுவும் ஒன்று.

பெயர்க் காரணம்

1930இல் நியூயார்க் ராக்பெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் ஆகியோர் இதைக் கண்டறிந்தனர். நிமோனியா நோயாளிகளின் இரத்தத்திலிருந்த இப்பொருள், நிமோகாக்கஸ் பாக்டீரியாவின் 'சி' என்னும் சர்க்கரைப் பொருளோடு வினைபுரிந்தது. அதனால் இப்பெயர் வந்தது.

செயல்படும் விதம்

அழற்சி உள்ள இடத்தில் சுரக்கும் இன்டர்லியூக்கின்-6 என்னும் வேதிப்பொருள் கல்லீரலைத் தூண்டுகிறது. சில மணி நேரத்திலேயே சி.ஆர்.பி. உயரத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நாளில் உச்சத்தை அடைகிறது. இதன் அரை ஆயுட்காலம் சுமார் 19 மணி நேரம். ஆகவே அழற்சி தணிந்தால் அளவும் விரைவில் இறங்கும். இ.எஸ்.ஆர். சோதனையும் அழற்சியைக் காட்டும். ஆனால் அது மெதுவாகவே மாறும். இரத்தசோகை, கர்ப்பம், முதுமை ஆகியவற்றாலும் அது உயரலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

பழவேற்காடு ஏரியில் வலை இழுப்பவருக்கும், தண்ணீரில் அமர்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்ணுக்கும் விரல் மூட்டுகள் வலித்தால், 'வேலையால் வந்த வலி' என்றே தோன்றும். வேலையால் வரும் வலி பெரும்பாலும் ஓய்வில் குறையும். முடக்கு வாதத்திலோ இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கி, காலையில் எழுந்ததும் நெடுநேரம் விறைத்திருக்கும்; அசைக்க அசைக்கத் தளரும். இந்த அறிகுறிகளோடு சி.ஆர்.பி.யும் உயர்ந்திருந்தால் ஐயம் வலுப்படும். அடுத்து முடக்குவாதக் காரணி, சி.சி.பி. எதிர்ப்பொருள் ஆகிய சோதனைகள் செய்யப்படும்.

கவனிக்க வேண்டியவை

• சி.ஆர்.பி. அழற்சி இருப்பதைச் சொல்லும். எங்கே, எதனால் என்று சொல்லாது. காய்ச்சல், காசநோய், காயம் ஆகியவற்றாலும் உயரும்.
• அளவு இயல்பாக இருந்தாலும் முடக்கு வாதம் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.
• அலகைப் பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது லிட்டருக்கு 10 மில்லிகிராம். அலகு மாறினால் நோய் பத்து மடங்கு கூடியதுபோலத் தோன்றும்.

முடக்கு வாதத்தால் ஒருமுறை கோணிய விரலை மருந்தால் நிமிர்த்த முடியாது. தொடக்கத்திலேயே மருத்துவம் செய்தால் கோணாமல் காக்கலாம். ஆரம்பாக்கத்திலிருந்து புறநகர் ரயிலில் சென்னை சென்ட்ரல் வந்தால், எதிரே உள்ள இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதுபோன்ற வாத நோய்களுக்கெனத் தனித்துறை உள்ளது. வலி நிவாரணி மாத்திரையோடு மாதங்களைக் கடத்தாமல் அங்கே காட்டுவது நல்லது.