தக்கையும் காலிக் கேனும்

அணுபுரத்திலிருந்து தூண்டிலோடு பக்கத்து ஏரிக்குப் போயிருக்கிறீர்கள். தக்கையையே பார்த்துக்கொண்டிருக்கையில், குளிக்க இறங்கிய ஒருவன் ஆழத்தில் சிக்கித் தத்தளிக்கிறான். என்ன செய்வீர்கள்?

அவன் ஏன் மூழ்குகிறான் என்று முதலில் பார்ப்போம். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால், நம் உடலின் அடர்த்தி நன்னீரைவிடச் சற்றே குறைவு. நூற்றுக்கு இரண்டு பங்குதான் நீருக்கு மேல் நிற்கும். 50 கிலோ எடையுள்ளவனுக்கு அது 1 கிலோ. தலை மட்டுமே 4 கிலோவாயிற்றே! பயத்தில் இரு கைகளையும் தூக்கினால், சுமார் 5 கிலோ வெளியே வந்துவிடுகிறது. அந்த அளவுக்கு மிதப்பு விசை குறைய, வாய் நீருக்குள் போகிறது. அருகில் நீந்திப் போனால் உங்கள் தோளை அழுத்தித்தான் அவன் மேலே வரப் பார்ப்பான். காப்பாற்றப் போனவர்கள் மூழ்குவது இப்படித்தான்.

ஆகவே நீரில் இறங்காதீர்கள். பெரியவர்களைக் கூவி அழையுங்கள். மூடி இறுகிய 5 லிட்டர் காலிக் கேன் முழுதும் அமிழ்ந்தால், 5 கிலோ நீரை இடம்பெயர்க்கும். தலையைத் தாங்க அது போதும்; தக்கை செய்யும் அதே வேலை! கேனில் இரண்டு கை தண்ணீர் விட்டு, கயிறு கட்டி, அவனுக்குச் சற்று அப்பால் வீசி இழுங்கள். மூங்கில் கழியானால் கரையில் படுத்துக்கொண்டு நீட்டலாம். தூண்டில் நரம்பை நம்ப வேண்டாம்.

கயிறே இல்லையென்றால்? 2020 ஆகஸ்டில், பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கினார்கள். அங்கிருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலைகளையே அவிழ்த்து வீசினார்கள். ஒரு சேலை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளம். இருவர் பிழைத்தார்கள், இருவர் இறந்துபோனார்கள். அவ்வாண்டின் கல்பனா சாவ்லா விருது அந்த மூவருக்கும் வழங்கப்பட்டது.