கடலைச் செடியும் கல்மரமும்

திண்டிவனத்தைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களில் பிறந்த பிள்ளைக்குக் கடலைச் செடி புதிதன்று. நடை பழகுமுன்பே தாயின் இடுப்பிலிருந்தபடி கடலைக் கொல்லையைக் கண்டிருக்கும். விடுமுறை நாள்களில் கடலை ஆய்ந்து கூலியும் பெற்றிருக்கும். ஆயினும் ஏழாம் வகுப்பில் பயிலும் அப்பிள்ளையை அழைத்து, "பூ மண்ணுக்கு மேலே பூக்கிறது, காய் மண்ணுக்குள்ளே கிடைக்கிறதே, எப்படி?" என்று வினவிப் பாருங்கள். பெரும்பாலும் மௌனமே விடையாக வரும். துணிந்த பிள்ளை ஒன்று, "வேரில் காய்க்கிறது ஐயா" எனலாம். பெரியவர்களாகிய நம்மில் எத்தனை பேர் வேறு விடை சொல்வோம்?

ஒரு செடியை மெல்லப் பிடுங்கி, மண்ணை உதறி, மேசைமீது கிடத்தினால் போதும். விடை கண்முன்னே நிற்கும். கருவுற்ற பூவின் அடியிலிருந்து ஊசிபோன்ற விழுது ஒன்று நீண்டு, நிலம் நோக்கி இறங்கி, மண்ணுக்குள் புகுந்த பின்னரே நுனி பருத்துக் காயாகின்றது. இது காரணமாகவே உழவர் நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் ஜிப்சம் இட்டு மண் அணைக்கிறார். காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதியை வேர் வழியாகப் பெறாமல், தன்னைச் சூழ்ந்த மண்ணிலிருந்து நேரே உறிஞ்சிக்கொள்ளும் விந்தையை அறியும் பிள்ளை, தன் தகப்பன் செய்யும் வேலையைப் புதிய கண்கொண்டு பார்க்கும். இன்னொன்றும் சொல்வோம். நாட்டில் பல மாநிலங்களிலும் பெயர்பெற்ற டி.எம்.வி. 2 கடலை, 1940-ஆம் ஆண்டில் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. அவ்வெழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன. இதனை அறியாமலே அவ்வூரில் பள்ளிப் படிப்பை முடித்தோர் பலர்.

நாம் பயின்ற பள்ளியிலும் சோதனைக்கூடம் இருந்தது. அலமாரிக் கண்ணாடி வழியே குடுவைகளைக் கண்டு மகிழ்ந்தோம், அவற்றைத் தொட்டதில்லை. உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்று ஆசிரியருக்கு அச்சம். அவரைக் குறை கூறுவதற்கில்லை.

இக்குறையைப் போக்கும் எண்ணத்துடன் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய முயற்சியே வானவில் மன்றம். 2022-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த காட்டூரில் இது தொடங்கப்பெற்றது. விஞ்ஞானமும் கணிதமும் பயின்ற பட்டதாரிகள் கருத்தாளர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, சோதனைப் பொருள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, ஆறு முதல் எட்டு வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளி மாணவர்களைத் தம் கையாலேயே சோதனை செய்யச் சொல்வது இதன் முறை. பலூன், உறிஞ்சுகுழல், காந்தம், மெழுகுவர்த்தி போன்ற எளிய பொருள்களே இத்தகைய பாடங்களுக்குப் போதும். உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டியதில்லை!

மகிழ்ச்சிக்குரிய செய்தியே, ஆயினும் ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட பள்ளிகள் 13,210. கருத்தாளர்கள் 710 பேர். ஒருவருக்கு ஏறத்தாழ பதினெட்டுப் பள்ளிகள்! பள்ளி வேலை நாள் ஒவ்வொன்றிலும் அவர் ஒரு பள்ளிக்குச் சென்றாலும், அதே பிள்ளைகளை மீண்டும் காண மூன்று வாரங்களுக்கு மேல் ஆகும். அவர் வரும் நாள் திருவிழாப்போல் அமைந்து, மறுநாள் வகுப்பு பழையபடி மனப்பாடத்துக்குத் திரும்பிவிடுமாயின் பயன் என்ன? அன்று பிறந்த கேள்வியை இடைப்பட்ட நாள்களில் காப்பவர் யார்?

இவ்வினாவுக்கு விடை தேடினோர் முன்னரே நம் நாட்டில் இருந்தனர். 1972-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேச மாநிலம் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு விஞ்ஞானக் கல்வித் திட்டம் தொடங்கிற்று. டில்லிப் பல்கலைக்கழகம், பம்பாயின் டாட்டா ஆராய்ச்சி நிலையம் முதலியவற்றைச் சேர்ந்த விஞ்ஞானிகள் கிராமத்துக்கு வந்து, ஆசிரியர்களோடு தரையில் அமர்ந்து பாடங்களை வகுத்தனர். பிள்ளைகள் வயல்வெளிக்குச் சென்று பார்த்ததைத் தாமே எழுதினர். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளவும் இசைவு உண்டு. சவாலிராம் என்னும் கற்பனை மனிதர் ஒருவரும் இருந்தார். பிள்ளைகள் ஐயங்களை அவருக்குக் கடிதமாக எழுதுவர், விடையும் வரும். விஞ்ஞானி ஊருக்குத் திரும்பிய பின்னும் கேள்வி அநாதையாகாமல் காத்தவர் அவரே எனலாம். முப்பதாண்டு நடந்த இத்திட்டத்தை 2002-இல் அம்மாநில அரசு நிறுத்திவிட்டது. ஆயினும், வந்து போகும் அறிஞரைவிட அன்றாடம் அங்கிருக்கும் ஆசிரியரையே அது தூணாகக் கொண்டிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

வகுப்பறைக்கு வெளியேயும் பாடம் உண்டு. விழுப்புரம் மாவட்டப் பிள்ளைகள் இதில் பேறு பெற்றவர்கள். மரக்காணத்தை ஒட்டிப் பரந்து கிடக்கிறது கழுவேலி. உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெருமை உடையது. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வானூர் வட்டத்துத் திருவக்கரையிலோ கல்மரப் பூங்கா உள்ளது. சென்னையில் உயிரியல் பூங்காவைக் காண இரவோடிரவாகப் பேருந்து பிடிக்கும் பள்ளிகள், ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள இவற்றை விட்டுவிடுவது ஏனோ தெரியவில்லை. வண்டி வாடகை, பெற்றோரின் ஒப்புதல் கடிதம், அன்றைய சோறு ஆகியவை தடையாகின்றன என்பது மெய்யே. கூலிக்குச் செல்லும் தாய்க்கு நூறு ரூபாயும் பெரிய தொகை. ஆனால், பட்டம் பெற்று வேலையை எதிர்நோக்கி இருக்கும் இளைஞர்கள் நம் வாசகர் இல்லங்களிலேயே இல்லையா? ஒரு சனிக்கிழமை பத்துப் பிள்ளைகளை நகரப் பேருந்தில் அழைத்துச் செல்ல அரசாணை வேண்டியதில்லை.

திருவக்கரைக்குச் செல்வோர் பெரும்பாலும் வக்கிரகாளியம்மன் கோயிலுக்கே செல்கின்றனர். அருகே செம்மண் மேட்டில் கிடக்கின்றன, ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழமையுடைய மரங்கள். பிரெஞ்சு இயற்கையறிஞர் சொன்னரா 1781-ஆம் ஆண்டிலேயே இவற்றைக் குறித்தார். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இவ்விடத்தைப் பாதுகாக்கத் தொடங்கிற்று. சில மரங்கள் பதினைந்து மீட்டர்வரை நீளமுள்ளவை. மண்ணுக்குள் புதையுண்ட மரத்தின் இழைகளில் நீரில் கரைந்த மணற்சத்து நுழைந்து, சிறிது சிறிதாக மரத்தின் இடத்தைத் தான் பிடித்துக்கொண்டது. பார்வைக்கு மரம்; கை வைத்தால் கல்லின் குளிர்ச்சி.

இங்கே வழிகாட்டிப் பலகையை வாசித்துவிட்டுத் திரும்புவோரும் உளர். நல்ல பட்டதாரியோ பிள்ளைகளை மரத்தைச் சுற்றி அமர்த்தி, "இதில் என்ன இல்லை?" என்று மட்டும் கேட்பார். சற்று நேரத்தில் ஒரு பிள்ளை, "கிளை இல்லை" என்னும். மற்றொன்று, "வேரும் காணோம்" என்னும். அப்படியானால் இவை இங்கேயே வளர்ந்தவைதாமா? விடையைச் சொல்லிவிடாமல் அவர் பொறுத்திருப்பார். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் இவ்வட்டாரத்தில் கரையேறியபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் மழை கொட்டியது; சங்கராபரணி ஆறு பெருக்கெடுத்து ஓடியது. அவ்வெள்ளத்தைக் கண்ட பிள்ளைகள் அல்லவா இவர்கள்! "ஆற்றில் அடித்து வந்த மரமா அண்ணா?" என்று எங்கிருந்தோ ஒரு குரல் எழும். ஆய்வாளர்கள் கண்ட முடிவும் அதுவே.