சிலிக்கன் சில்லில் ஒரு லேசர்
சான்டா பார்பரா, கலிபோர்னியா, 2006

சிலிக்கன் அகச்சிவப்பு ஒளியை நன்றாகக் கடத்தும். ஆனால் தானே ஒளி உமிழ்வதில் மந்தம். அதில் மின்சாரம் பாய்ச்சினால், எலக்ட்ரான்கள் இழக்கும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகிவிடும். இண்டியம் பாஸ்பைடு சார்ந்த குறைகடத்திகளில் அந்த ஆற்றல் எளிதில் ஒளியாகிறது.

இரண்டையும் ஒரே சில்லில் இணைத்தவர்கள், ஜான் பவர்ஸ் தலைமையிலான கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழுவினரும் இன்டெல் ஆய்வாளர்களும்.

ஒட்டியது எப்படி?
இரு பரப்புகளிலும் ஆக்சிஜன் பிளாஸ்மாவைப் பாய்ச்சினார்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 25 அணுக்கள் தடிமனுள்ள ஆக்சைடு படலம் உருவானது. சூடாக்கி அழுத்தியதும் படலங்கள் கண்ணாடிப் பசைபோல் பற்றிக்கொண்டன.

படத்தில் பாருங்கள்
மேலுள்ள இண்டியம் பாஸ்பைடு அடுக்கு ஒளியைப் பெருக்குகிறது. கீழே சிலிக்கனில் செதுக்கிய அலைவழி அதை ஏந்திச் செல்கிறது. லேசர் எங்கே அமையும் என்பதை அந்த அலைவழியே முடிவு செய்வதால், மேல் துண்டை நுணுக்கமாகப் பொருத்த வேண்டியதில்லை. ஒருமுறை ஒட்டினால் பல லேசர்கள் கிடைக்கும்.

2016இல், இவ்வகை லேசர் கொண்டு நொடிக்கு 100 கிகாபிட் தரவை ஒளியிழை வழியே அனுப்பும் கருவிகளைத் தரவு மையங்களுக்கு இன்டெல் விற்கத் தொடங்கியது.