வயிற்றைச் சின்னதாக்கினால் மட்டும் போதுமா?
எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சாப்பாடும் நடையும்



நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவின் மாதக் கூட்டத்தில் அண்மையில் ஒரு கடன் மனு வந்தது. பெரிய தொகை. காரணம் என்ற இடத்தில் "மருத்துவச் செலவு" என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன வைத்தியம் என்று தலைவி கேட்டதும் மனு கொடுத்த அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மெதுவாக, "வயித்தைச் சின்னதாக்குற ஆபரேஷன் பண்ணச் சொல்றாங்க" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "வாயைக் கட்டுனாப் போதாதா மதினி, இதுக்குமா கடன்?" என்று ஒரு குரல் கேட்டது. அந்த அக்காவின் கண் கலங்கிவிட்டது.

அவருக்கு உயரம் 150 செ.மீ., எடை 96 கிலோ. பத்து வருஷமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. வாயைக் கட்டிப் பார்க்காமலா இருந்திருப்பார்? நாலு தடவை குறைத்திருக்கிறார், நாலு தடவையும் எடை திரும்பிவிட்டது. உடம்பு ரொம்பப் பெருத்த பிறகு சாப்பாட்டைக் குறைத்தால் பசியைத் தூண்டும் சுரப்பு அதிகமாகிறது, உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறைந்துபோகிறது. இது மனக்கட்டுப்பாடு இல்லாத குறை அல்ல, உடம்பின் வேலையே அப்படித்தான். கூட்டத்தில் சிரித்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுமுன், இந்த ஆபரேஷன் செய்துகொண்ட இன்னொரு ஊர் உறுப்பினரைப் போய்ப் பார்த்தோம். செய்து இரண்டு வருஷம் ஆகிறது. பேர் போட வேண்டாம் என்றார். பட்டதை மட்டும் மறைக்காமல் சொன்னார்.

யாருக்கு, என்ன ஆபரேஷன்?

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் வைத்து ஒரு கணக்குப் போடுவார்கள். எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. நம் நாட்டில் 37.5-க்கு மேல் இருந்தாலோ, சர்க்கரை போன்ற நோயோடு 32.5-க்கு மேல் இருந்தாலோ ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம் என்பது ரொம்ப நாளாக இருந்த அளவு. ஆசிய மக்களுக்கு 27.5-இலிருந்தே யோசிக்கலாம் என்று 2022-இல் உலக அளவிலான மருத்துவர் சங்கங்கள் சொல்லின. 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 37.5 என்பது சுமார் 84 கிலோ, 32.5 என்பது சுமார் 73 கிலோ. லேசாகத் தொப்பை போட்டவர்களுக்கான வைத்தியம் இல்லை இது.

அதிகமாகச் செய்வது இரண்டு வகை. ஒன்றில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விடுவார்கள். பசி சுரப்பு பெரும்பாலும் வெட்டி எடுக்கிற பகுதியில்தான் ஊறுகிறது. அதனால் பசியும் குறையும். இன்னொன்று பைபாஸ். இரைப்பையின் மேல் முனையில் சின்னப் பை ஒன்றைப் பிரித்து நேராகச் சிறுகுடலோடு இணைப்பார்கள். தனியார் மருத்துவமனையில் செலவு லட்சக்கணக்கில் போகும். சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இந்த ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். கடன் வாங்குமுன் அங்கே விசாரிப்பது நல்லது.

ஆபரேஷனுக்கு முந்தின இரண்டு வாரம்

"கத்தி வைக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் எங்க வீட்ல ஆட்டுக்கால் சூப்பு, கறின்னு போட்டுத் தள்ளுனாங்க. இனிமே சாப்பிட முடியாதுல்ல, இப்பச் சாப்பிடுன்னு" என்றார் அந்த உறுப்பினர். பாசம்தான், ஆனால் செய்யக் கூடாத காரியம்.

இரைப்பையின் மேலே கல்லீரல் ஒரு மடல் போலப் படிந்திருக்கிறது. எடை கூடியவர்களுக்கு அதிலும் கொழுப்பு சேர்ந்து பெருத்திருக்கும். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுத்தான் ஆபரேஷன் நடக்கும். கல்லீரலைத் தூக்கிப் பிடித்தால்தான் அடியிலுள்ள இரைப்பைக்குப் போக முடியும். பெருத்திருந்தால் வேலை கடினம், ரத்தம் கசியவும் கூடும். இரண்டு வாரம் சாப்பாட்டைக் குறைத்தாலே கல்லீரல் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் பல மருத்துவமனைகளில் நாளுக்கு 800 முதல் 1200 கலோரிக்குள் சாப்பிடச் சொல்கிறார்கள். கடினமான வேலை இல்லாத பெண்ணுக்கே நாளுக்குச் சுமார் 1660 கலோரி தேவை என்பது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு. எவ்வளவு குறைகிறது பாருங்கள்.

குறைப்பதைக் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து தொடங்கினால் அவ்வளவாக வலிக்காது. ஒரு ஸ்பூன் சர்க்கரையில் 20 கலோரி. நாளைக்கு 5 டீ, ஒவ்வொன்றுக்கும் 2 ஸ்பூன் என்றால் டீயிலேயே 200 போய்விடும். ஒரு சின்ன ஸ்பூன் எண்ணெயில் 45. குழம்பைத் தாளிக்கும்போது பாட்டிலோடு கவிழ்க்கிறோமே, அதை ஸ்பூனால் அளந்து ஊற்றிப் பாருங்கள், திகைத்துப் போவீர்கள். சோற்றைப் பாதியாக்கி, முட்டை, பருப்பு, கீரை, மோரைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஒன்று முக்கியம். சாப்பாடு குறையும்போது சர்க்கரை மாத்திரை அளவையும் டாக்டர் மாற்ற வேண்டும். நாமாக நிறுத்தவும் கூடாது, பழைய அளவையே தொடரவும் கூடாது.

இந்த நாட்களிலேயே நடக்கவும் பழக வேண்டும். காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம் போதும், மெதுவாகக் கூட்டிக்கொள்ளலாம். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கலாம். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்து மூச்சை இழுக்கச் சொல்வார்கள். விளையாட்டுச் சாமான் போலத்தான் இருக்கும், ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு சளி கட்டி நிமோனியா வராமல் காப்பதில் அதற்குப் பங்கு உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயமே

முதல் ஒன்றிரண்டு நாள் தெளிந்த நீர் ஆகாரம் மட்டும், அதுவும் 30 மில்லி சின்னக் கப்பில் மடக்கு மடக்காக. பிறகு சுமார் இரண்டு வாரம் பால், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர். அதற்கப்புறம் மசித்த பருப்பு, மசித்த முட்டை. ஐந்து, ஆறாவது வாரத்தில் இட்லி, வேகவைத்த மீன் மாதிரி மென்மையான சாப்பாடு. அதன் பின்னரே வழக்கமான சாப்பாடு. மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள்கணக்கு கொஞ்சம் மாறும். உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

நம் உறுப்பினர் இங்கேதான் தவறினார். பத்தாவது நாள் மாமியார், "வெறும் தண்ணியக் குடிச்சிட்டு எப்படித்தா உசுரோட இருப்ப" என்று குழைந்த ரசஞ்சோறு ஊட்டிவிட்டார். நாலு வாய். நெஞ்சில் அடைத்து வாந்தி. மறுநாளும் வாந்தி, அதற்கடுத்த நாளும். வீட்டில் திட்டுவார்களே என்று மருத்துவமனைக்குச் சொல்லவில்லை. நாலாம் நாள் தலை சுற்றி விழுந்து, ஆம்புலன்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வாந்தி நிற்காமல் போனால் உடம்பில் நீர் வற்றுவது மட்டுமல்ல, பி1 என்ற வைட்டமின் சில வாரத்திலேயே தீர்ந்து கண்பார்வை, நடை, ஞாபகம் எல்லாம் தடுமாறும். ஒரு நாளுக்கு மேல் எதுவும் உள்ளே தங்கவில்லை என்றாலே போன் போட்டுவிட வேண்டும். காய்ச்சல், படபடப்பு, தாங்காத வயிற்றுவலி, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொரு தடவையும் மயங்கியிருக்கிறார். வீட்டுக்கே வந்து கொடுத்த பழைய சர்க்கரை மாத்திரையை அதே அளவில் போட்டுக்கொண்டிருந்தார். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சர்க்கரை சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கும். மாத்திரை கொண்டுவரும் பணியாளருக்கு ஆபரேஷன் நடந்தது தெரிய வேண்டும் அல்லவா? சீட்டைக் காட்டிச் சொல்ல வேண்டியது நாம்தான். வலி மாத்திரையும் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. சில வகை, முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்கு, புண் உண்டாக்கிவிடும்.

வயிறு ஆறிய பிறகும் சாப்பிடும் விதம் மாறித்தான் ஆக வேண்டும். சின்னத் தட்டு, சின்ன வாய், கூழாகும் வரை மெல்லுவது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் விட்டுத்தான் குடிக்க வேண்டும். ஆனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் உள்ளே போக வேண்டும். தட்டில் முதலில் புரதம், அப்புறம் காய், கடைசியில்தான் சோறு. நாலு வாயில் வயிறு நிறைந்துவிடும், அந்த நாலு வாயும் சோறாக இருந்தால் உடம்பு எதை வைத்துப் புண்ணை ஆற்றும்?

நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். விலை கூடின பவுடர் டப்பா இல்லாமலே ஓரளவு எட்டலாம். 2 முட்டையில் 12, பாலும் தயிருமாக 400 மில்லியில் 12, 100 கிராம் மீனில் 18, 50 கிராம் பருப்பில் 11, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையில் 6. கூட்டினால் 59 வருகிறது. முதல் மாதங்களில் இவ்வளவு சாப்பிட முடியாது, அப்போது டாக்டர் சொன்னால் பவுடர் வாங்கித்தான் ஆக வேண்டும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுசு முழுக்க உண்டு. கடன் கணக்குப் போடும்போது இந்த மாதச் செலவையும் சேர்த்துப் போடுங்கள்.

முறுக்கு, ஐஸ், கலர் இதெல்லாம் சின்ன வயிற்றிலும் சுலபமாக இறங்கிவிடும். போன எடை திரும்புவது பெரும்பாலும் இப்படித்தான். பைபாஸ் செய்தவர் இனிப்பு அதிகம் சாப்பிட்டால் வியர்த்து, படபடத்து, வயிற்றைப் புரட்டி வயிற்றுப்போக்கு வரும்.

"காட்டு வேலை பாக்குறோமே, அது உடற்பயிற்சி இல்லையா?"

எல்லாக் கூட்டத்திலும் இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்வி. களை எடுக்கிறோம், நாத்து நடுகிறோம், இடுப்பு ஒடிகிறது. உழைப்புதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் மணிக்கணக்காகக் குனிந்தே இருக்கிற வேலையில் முதுகு நோகிறது. வாரம் 150 நிமிஷமாவது மூச்சு வாங்குகிற நடை வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது, அந்த வேகம்.

ஆபரேஷன் செய்த அன்றோ மறுநாளோ கட்டிலை விட்டு எழுந்து நடக்கச் சொல்வார்கள். இரக்கம் இல்லாமல் இல்லை. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் முற்றத்திலேயே மணிக்கொரு தரம் ஐந்து நிமிஷம் நடக்கலாம். ஆனால் சுமார் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. நிறைகுடம் கூடாது, நெல் மூட்டை கூடாது, இடுப்பில் பிள்ளையும் கூடாது. வீட்டுக்கு யார் தண்ணீர் எடுப்பது என்பதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே பேசி முடித்துவிட வேண்டும். இந்தப் பேச்சை வீட்டு ஆம்பளைகளை உட்காரவைத்துத்தான் பேச வேண்டும் என்பது என் கருத்து.

சாப்பாடு குறையும்போது கொழுப்போடு சதையும் கரையும். சதை போனால் தெம்பு போகும். அதனால் டாக்டர் சரி என்ற பிறகு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது பத்துத் தடவை, சுவரில் கைவைத்துத் தள்ளுவது பத்துத் தடவை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் தூக்கி இறக்குவது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும்.

மூன்று நாலு மாதத்தில் முடி கொட்டும், கொத்துக் கொத்தாக. பயப்பட வேண்டாம், புரதமும் இரும்பும் சரியாகப் போனால் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். வயசுப் பெண்கள் ஒன்று முதல் ஒன்றரை வருஷம் கர்ப்பம் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எடை குறைந்ததும் மாதவிலக்கு ஒழுங்காகிக் கரு சீக்கிரம் தங்கும். பைபாஸ் செய்தவர்களுக்குக் கர்ப்பத்தடை மாத்திரை சரியாக உடம்பில் ஏறாமல் போகலாம். காப்பர்-டி பற்றி நர்ஸிடம் கேளுங்கள்.

நம் உறுப்பினர் 104 கிலோவிலிருந்து இப்போது 71-க்கு வந்திருக்கிறார். பகலில் நடந்தால் ஊரே கேலி பேசுகிறதென்று முதலில் வீட்டுக்குள்ளேயே இருந்தாராம். பிறகு அவர் குழுவில் நாலு பேர் விடியற்காலை ஐந்தரைக்கு வாசலில் வந்து நின்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "அவளுகளுக்குப் பயந்துதான் எந்திரிச்சேன்" என்று சிரிக்கிறார்.

கடன் மனு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பரிசோதனைக்கும் சென்னை அரசு மருத்துவமனைக்குப் போய்வரும் செலவுக்கும் மட்டும் முதல் தவணை கொடுத்திருக்கிறார்கள். மீதி, அங்கே என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு. அந்த அக்கா டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டார். காலையும் மாலையும் ஊரணிக் கரையில் நடக்கிறார். கூட நடப்பது, அன்றைக்குப் பின்வரிசையில் "வாயைக் கட்டுனாப் போதாதா" என்று கேட்ட அதே மதினிதான். ரைஸ் மில் தராசில் போன வாரம் நிறுத்துப் பார்த்தார்கள், 94 காட்டியதாம்.