வாய்ச் சிபாரிசும் கைபேசியும்

பிழைப்பை நாடி வடக்கே வந்த நம் முன்னோர் கையில் கொண்டுவந்த மூலதனம் யாது? பெரும்பாலோரிடம் பணம் இருந்ததில்லை. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்ற இளைஞர், மாதுங்காவில் குடியிருந்த ஊர்க்காரர் ஒருவருக்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினர். பையன் நல்லவன், வேலை தெரிந்தவன், ஆவன செய்யவும் என்பதே அக்கடிதத்தின் சாரம். அதை எழுதியவர் தம் பெயரையே ஈடு வைத்தார். பையன் ஒழுங்காக நடந்துகொண்டால் அடுத்த பையனுக்கும் கதவு திறந்தது. தவறினால் அந்த ஊர்க் கடிதத்திற்கே மதிப்புப் போயிற்று.

உத்தியோகத்திற்கு அன்று இருந்த இந்த முறையே இன்று நம் குடும்பங்களின் சிறு தொழில்களுக்கும் இருந்து வருகிறது. கலியாணிலும் டோம்பிவிலியிலும் அம்பர்நாத்திலும் நம்மவர் வீடுகளில் இட்லி மாவு அரைக்கின்றனர், ரவிக்கை தைக்கின்றனர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கின்றனர். ஆண்கள் மின்வேலையும் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பதும் செய்கின்றனர். இவர்களுள் விளம்பரத்திற்குப் பணம் செலவிடுவோர் அரியர். ஒரு வீட்டார் மற்றொரு வீட்டாருக்குச் சொல்வதனாலேயே தொழில் ஓடுகிறது. இப்பொழுது கைபேசி வந்துவிட்டபடியால் சிபாரிசுக்கு வேலையில்லை என்று சிலர் கூறக் கேட்கிறோம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கைபேசி சிபாரிசை உண்டாக்குவதில்லை. ஒருவர் வாயினின்று வந்ததைச் சிந்தாமல் சிதறாமல் அடுத்தவரிடம் கொண்டு சேர்க்கிறது, அவ்வளவே. நாம் அருகிலிருந்து கண்ட இரண்டு செய்திகளை இங்கு எழுதுகிறோம்.

(ரயில்வே குமாஸ்தாவுக்கு வியாபாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அன்பர்கள் நகைக்கலாம். 1966-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி, அனுமதியின்றி நாம் வியாபாரம் செய்தல் கூடாது என்பது உண்மையே. கண்டதை எழுதுவதற்குத் தடையில்லை என்று நம்புகிறோம்.)

நம் தெருவில் ஓர் அம்மையார் இருக்கிறார். கணவர் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்ட பின்னர், கடன் வாங்கி ஒரு பெரிய கிரைண்டர் வாங்கி, மாவு அரைத்து விற்கத் தொடங்கினார். நாற்பத்திரண்டு வீடுகள் வாடிக்கை. அத்தனையும் தமிழ் வீடுகள். யாருக்கு எப்போது எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். 2023-ஆம் ஆண்டில் எங்கள் பகுதியில் மூன்று பழைய கட்டிடங்களை இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்தார்கள். குடியிருந்தோர் பத்லாபூருக்கும் டிட்வாலாவுக்கும் வாடகை வீடு தேடிப் போயினர். ஒரே மாதத்தில் நாற்பத்திரண்டு பதினேழாயிற்று. கிரைண்டர் கடனுக்குத் தவணை நிற்கவில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் நிற்கவில்லை. கிரைண்டரை விற்றுவிடலாமா என்று அவர் நம் வீட்டில் வந்து கேட்ட நாளை மறக்க முடியாது.

அப்பொழுதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. தமிழர் தமிழருக்கே சொல்லிக்கொண்டிருந்த சிபாரிசு, ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. வட்டம் கலைந்தவுடன் தொழிலும் கலைந்தது. அதே படிக்கட்டில் மராத்தியர் இருந்தனர், குஜராத்தியர் இருந்தனர், உல்லாஸ்நகரிலிருந்து வந்த சிந்தியரும் இருந்தனர். ஞாயிற்றுக்கிழமை தோறும் கடையில் இட்லி வாங்கி உண்பவர்கள் அவர்கள். அவர்களிடம் ஒருவரும் மாவைப் பற்றிச் சொன்னதில்லை. அம்மையாரும் கேட்டதில்லை.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. முதலில் அவர் மீதியிருந்த வீடுகளில், “யாருக்காவது சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்டுப் பார்த்தார். எல்லாரும் தலையாட்டினர், ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் மீது குறையில்லை. யாருக்காவது என்றால் யாருக்கு? பின்னர் கேள்வியை மாற்றிக்கொண்டார். மாவு நன்றாக இருந்தது என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லும் வேளையில், “உங்கள் மாடியில் இட்லி பிடித்த வீடு எது மாமி? அவர்களுக்கு ஒரு பொட்டலம் தருகிறேன், நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்களா?” என்று கேட்டார். இதற்கு விடை உடனே வந்தது. வீட்டு எண்ணோடு வந்தது.

புதிய வாடிக்கை வந்தது. அதனோடு புதிய தொல்லையும் வந்தது. தமிழ் வீடுகளில் மாவு பொங்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஒரு குஜராத்தி அம்மையார், வாங்கிய மாவை டப்பா நிறைய ஊற்றி இறுக மூடி, மே மாதத்து வெப்பத்தில் இரவு முழுவதும் சமையல் மேடையில் வைத்துவிட்டார். காலையில் மேடையெல்லாம் மாவு. புளித்த வாசனை வேறு. கெட்டுப்போன மாவைக் கொடுத்துவிட்டார் என்று அவர் மாடி முழுதும் சொல்லிவிட்டார். நல்ல சிபாரிசு ஒரு படி ஏறுவதற்குள் கெட்ட சிபாரிசு நான்கு மாடி ஏறிவிடுகிறது!

இங்குதான் கைபேசி துணைக்கு வந்தது. தொழில் செய்வோருக்கென்றே அமைந்த வாட்ஸ்அப் பிஸினஸ் என்னும் செயலி 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் நம் நாட்டுக்கு வந்தது. இச்சிறு தொழிலுக்கு வேண்டியவற்றை அதில் விலையின்றிப் பெறலாம். அடிக்கடி அனுப்ப வேண்டிய செய்தியை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு, வேண்டியபோது ஓரிரு தட்டலில் அனுப்பும் வசதி அதில் உண்டு. அம்மையாரின் மூத்த மகள் ஹிந்தியிலும் மராத்தியிலும் சில வரிகள் எழுதி அதில் வைத்தாள்: பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், கோடையில் உடனே குளிர்பெட்டியில் வையுங்கள், டிசம்பர் குளிரில் பொங்கக் கூடுதல் நேரம் பிடிக்கும், புளிப்பு ஏறிய மாவு தோசைக்கும் ஊத்தப்பத்திற்கும் ஆகும். முதல் பொட்டலம் வீடு சேரும் முன்பே இச்செய்தி சேர்ந்துவிடும். அதன் பின்னர் மாவு வழிந்ததாகப் புகார் வந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

அதே செயலியில் பொருள்களைப் படத்துடனும் விலையுடனும் அடுக்கி வைக்கலாம். தொழிலுக்கென ஒரு சிறு இணைப்பும், சதுரக் கட்டங்களாலான கியூ.ஆர். குறியும் கிடைக்கும். அந்தக் குறியைப் பொட்டலத்தின் மேல் ஒட்டிவிட்டார்கள். முன்பெல்லாம் ஒரு வீட்டார் பக்கத்து வீட்டாருக்கு எண்ணைச் சொல்லுவார், அவர் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிக்கொள்வார், அத்துடன் அந்தச் சிபாரிசு அழிந்துபோகும். இப்போது பொட்டலத்தைக் காட்டினால் போதும். ஒன்று கவனிக்க வேண்டும். பலருக்கு ஒரே வேளையில் செய்தி அனுப்பும் பட்டியல், நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்போருக்கு மட்டுமே சென்றடையும். ஆதலால் எண்ணைப் பதிந்துகொள்ளும்படி முதல் நாளே கேட்டுவிடுதல் நலம். கேளாமல் அனைவரையும் ஒரு குழுவில் சேர்த்துவிடுவோர் உண்டு. ஒருவர் எண்ணை மற்றவர் காணச் செய்வது, அதுவும் பெண்கள் எண்ணை, நற்பழக்கமன்று.

மகள் இன்னொன்றும் செய்தாள். கைபேசியிலேயே கணக்குத் தாள் ஒன்று திறந்து, பெயர், வீடு, அளவு, பாக்கி என்று எழுதியதோடு, ‘யார் மூலம்’ என்று ஒரு பத்தியும் போட்டாள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, புதிதாக வந்த பதினான்கு வீடுகளில் ஒன்பது வீடுகள் ஒரே ஒரு மராத்தி அம்மையார் மூலம் வந்திருந்தன! அவரோ வாரம் ஒரு முறை அரைக் கிலோ வாங்குபவர். மாதக் கணக்கைப் பார்த்தால் கடைசி வரிசையில் இருப்பவர். பணத்தை மட்டும் எண்ணியிருந்தால் அவர் அருமை யாருக்கும் தெரிந்திராது.

மகிழ்ச்சியில் நம் அம்மையார் ஒரு தவறு செய்தார். “நீங்கள் சேர்த்துவிடும் ஒவ்வொரு வீட்டுக்கும் அரைக் கிலோ இலவசம்” என்று அவரிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மையாரின் முகம் வாடிவிட்டது. “நான் தரகரா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்பினால் செய்ததற்குக் கூலி பேசினால் அன்பு கூலியாகிவிடுகிறது. பெரிய கம்பெனிகள் இவ்வாறு செய்கின்றனவே என்று கேட்கலாம். கம்பெனியின் முகத்தை யாரும் படிக்கட்டில் நாளும் காண்பதில்லை. நவராத்திரி வந்தபோது கொலுவுக்கு அழைத்துச் சுண்டலும் தாம்பூலமும் கொடுத்த பிறகே மனத்தாங்கல் தீர்ந்தது. தை மாதம் நமக்குப் பொங்கல், அவர்களுக்குச் சங்கராந்தி. அவர் தம் வீட்டு மஞ்சள் குங்கும வைபவத்திற்கு இவரை அழைத்தார். எள்ளுருண்டை கொடுத்து, வந்திருந்த பெண்களிடம், இவர்தாம் மாவு அம்மா என்று அறிமுகம் செய்தார். அதற்கு எந்தச் செயலி ஈடாகும்?

நிற்க. சிபாரிசின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

நம் ஊர்ப் பக்கத்து மின்வேலைக்காரர் ஒருவரை, நம் அலுவலகத்தில் உடன் பணிபுரியும் நண்பருக்கு நாம் சிபாரிசு செய்தோம். வீடு முழுவதும் மின்கம்பி மாற்றும் வேலை. முன்பணம் வாங்கிக்கொண்டார், ஒரு நாள் வந்து சுவரைக் கொத்திப் போட்டார், பின்னர் பத்து நாள் ஆளைக் காணோம். நண்பர் வீட்டில் வயதான தாயார் உண்டு. பாதி வீடு இருளில். பதினோராம் நாள் நண்பர் நம் மேசையருகே வந்து, “உங்கள் ஆளை நம்பினேன்” என்றார். அவ்வளவுதான். ‘உங்கள் ஆள்’ என்ற சொல் இன்றும் காதில் நிற்கிறது.

மின்வேலைக்காரர் கெட்டவரல்லர். போய் விசாரித்ததில், நான்கு இடங்களில் வேலை ஒப்புக்கொண்டு, எல்லாவற்றையும் நினைவிலேயே வைத்திருந்தார் என்பது தெரிந்தது. எவர் மிகுதியாகத் தொலைபேசியில் கத்தினாரோ அவர் வீட்டுக்கு முதலில் போயிருக்கிறார். நம் நண்பர் கத்தாத மனிதர்! எந்தக் கைபேசியிலும் நாட்காட்டி உண்டு. நாளையும் நேரத்தையும் பதிந்தால் அதுவே மணியடித்து நினைவூட்டும். வரமுடியாத நாளில், “இன்று இயலவில்லை, வியாழன் காலை வருவேன்” என்று இரண்டு வரி அனுப்பினால் பாதிக் கோபம் தணியும். இந்த இரண்டையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தோம். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பும் வழக்கத்தைத் தாமே கற்றுக்கொண்டார். இப்போது ஒழுங்காக இருக்கிறார் என்று கேள்வி. ஆயினும் வேறு யாருக்கும் அவரைச் சொல்ல நமக்கு இன்னும் நா எழவில்லை.

கூகுள் வரைபடத்தில் தொழிலைப் பதிந்துகொள்வதும் இலவசமே. வீட்டிலிருந்து தொழில் செய்வோர் முகவரியை மறைத்து, எந்தெந்தப் பகுதிக்குச் சேவை உண்டு என்பதை மட்டும் காட்டலாம். அங்கே வாடிக்கைக்காரர் எழுதும் கருத்துகளும் ஒருவகைச் சிபாரிசே. நம்மவர் சிலர், ஊரிலுள்ள மாமன் மைத்துனர் அனைவரையும் கொண்டு ஐந்து நட்சத்திரம் போடச் செய்கின்றனர். கலியாண் தையற்கடையைத் திருநெல்வேலியில் இருப்பவர் எப்படி அறிந்தார்? படிப்பவர் மூடரல்லர். பணமோ தள்ளுபடியோ கொடுத்துக் கருத்து எழுதச் செய்வதைக் கூகுள் விதிகளும் தடுக்கின்றன. வேலை முடிந்த அன்று, உண்மையான வாடிக்கைக்காரரிடம், செய்தது இன்னதென்று இரண்டு வரி எழுதும்படி கேட்பது நேர்மை. குறை எழுதியிருந்தால் அங்கேயே பணிவாக விடை எழுதுவது அதனினும் நன்று.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். உணவுப் பொருள் விற்போர் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு பெற்று, 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் போட வேண்டும். நம்மை அறியாத வேற்று மொழிக்காரர் அந்த எண்ணைக் கண்டு நம்புகிறார். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைபெறுகிறது. அரசின் இணையதளத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்டால் அது அரசின் தளமன்று. யு.பி.ஐ. மூலம் பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை இட வேண்டியதே இல்லை. இடச் சொல்பவன் வஞ்சகன். ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கவும்.

மாவு அம்மையாருக்கு இப்போது முப்பத்தெட்டு வீடுகள். பழைய நாற்பத்திரண்டை இன்னும் எட்டவில்லை. ஆயினும் பாதிக்கு மேல் வேற்று மொழிக் குடும்பங்கள். கிரைண்டர் கடனில் நான்கு தவணை மீதி. புதுக் கட்டிடங்கள் எழும்பியதும் பழையவர்களும் திரும்பக்கூடும்.

சென்ற மாதம் நம் அலுவலக நண்பர் வெகு நாட்களுக்குப் பின் நம் மேசையருகே வந்தார். தம் மருமகள் படிக்கட்டில் யாரோ சொல்லக் கேட்டாளாம். நல்ல இட்லி மாவு கொடுக்கும் தமிழ் அம்மா ஒருவர் உங்கள் தெருவில் இருக்கிறாராமே என்று வினவினார். எண்ணை எழுதிக் கொடுத்தோம். ஹிந்தியில் வரும் குறிப்பைப் படித்துவிட்டு டப்பாவில் ஊற்றும்படியும் சொன்னோம். மின்வேலையைப் பற்றி இருவரும் பேசவில்லை.