நலம் விசாரிக்கும் அறிவியல்

2004 டிசம்பர் 26 காலையில் கோவளம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் என்று கரையோரக் குப்பங்களுக்குள் கடல் புகுந்தது. உடைந்த படகுகளையும் இடிந்த வீடுகளையும் அதிகாரிகள் எண்ணிக் கணக்கெடுத்தார்கள். மனத்துக்குள் உடைந்ததை எண்ண என்ன வழி? எத்தனை பேருக்கு மனநலச் சிகிச்சை தேவை என்று தெரிந்தால்தான் மருத்துவர்களை அனுப்ப முடியும். அதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. ஆளைப் பார்த்து, உட்கார்ந்து, கேட்டுத்தான் அறிய வேண்டும்.

அப்படிக் கேட்ட ஆய்வுகளில் ஒன்று தமிழ்நாட்டின் ஒரு மீனவக் கிராமத்தில் நடந்தது. ஏறக்குறைய எட்டில் ஒருவர், அதாவது 12.7 சதவீதம் பேர், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பில் இருந்தார்கள் என்று அது கண்டது. அதற்குக் கருவியாக இருந்தது ஹார்வர்டு அதிர்ச்சி வினாப்படிவம். அமெரிக்காவில் ரிச்சர்ட் மோலிக்காவும் அவருடைய குழுவினரும் கம்போடியா, லாவோஸ், வியட்நாம் நாடுகளிலிருந்து போருக்குத் தப்பி வந்த அகதிகளுக்காக உருவாக்கி, 1992-ல் வெளியிட்ட படிவம் அது. போரில் பிறந்த கேள்விகள், அலையில் வீடிழந்த வேறொரு கடற்கரையில் எப்படிப் பொருந்தும்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கென்றே மருத்துவத்தில் ஒரு நுட்பமான துறை வளர்ந்திருக்கிறது.

அதன் அடிப்படை நடைமுறை எளிமையானது. இரண்டு பேர் தனித்தனியாகப் படிவத்தைத் தமிழாக்குவார்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒரே வடிவமாக்குவார்கள். மூலத்தைப் பார்த்தேயிராத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்குவார். எங்கே பொருள் மாறியது என்பதை மருத்துவர்களும் மொழியறிந்தவர்களும் கூடி ஆராய்வார்கள். பிறகு முப்பது நாற்பது பேரிடம் கொடுத்துப் பார்ப்பார்கள்.

ஆனால் மொழியாக்கம் பிசகாமல் இருந்தும் கேள்வி தோற்றுப்போகலாம். உலகெங்கும் புழங்கும் எஸ்எஃப்-36 என்ற உடல்நலப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். நடுத்தர உடலுழைப்பு உங்களால் முடிகிறதா என்று கேட்கும் அந்தப் படிவம் எடுத்துக்காட்டாகத் தருபவை: மேசையை நகர்த்துவது, வேக்யூம் கிளீனரைத் தள்ளுவது, கோல்ஃப் ஆடுவது. இதை அப்படியே தமிழாக்கி மறுபடி ஆங்கிலமாக்கினால் ஒரு சொல்கூட மாறாமல் திரும்பி வரும். கோவளத்தில் தலையில் மீன்கூடை சுமந்து விற்கும் பெண்ணுக்கு மட்டும் அந்தக் கேள்வியில் பதில் சொல்ல எதுவும் இருக்காது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வருவது, துணி துவைப்பது, வாசல் கூட்டுவது என்று அதே அளவு உழைப்பைக் கேட்கும் வேலைகளைத் தேடி அந்த இடத்தில் வைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. கேள்வி புரிகிறது, பதிலும் வருகிறது, ஆனால் பதிலின் காரணம் வேறு. நடந்ததை நினைவூட்டும் செயல்களைத் தவிர்க்கிறீர்களா, எதிர்காலமே இல்லாததுபோல் தோன்றுகிறதா என்று அதிர்ச்சிப் படிவம் கேட்கும். கடலுக்குப் போகவில்லை என்கிறார் ஒரு மீனவர். பயமா, படகு இல்லையா, நிவாரணம் வரட்டும் என்று காத்திருக்கிறாரா? எதிர்காலம் இல்லை என்று அவர் சொல்வது நோயின் அறிகுறியா, வலையும் எஞ்சினும் போன மனிதரின் சரியான கணக்கா? இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. பதில் சொன்னவரிடமே, இந்தக் கேள்வியைக் கேட்டதும் உங்கள் மனத்தில் என்ன வந்தது, எதை வைத்து இப்படிச் சொன்னீர்கள் என்று திரும்பக் கேட்பது. மொழிபெயர்ப்பாளர் கண்ணில் படாத ஓட்டைகளை இந்த உரையாடல் காட்டிக்கொடுத்துவிடும்.

கேட்கும் சூழலும் பதிலை மாற்றும். ஸ்காட்லாந்தில் 1987-ல் உருவான எடின்பரோ பேறுகாலப் பிந்தைய மனச்சோர்வுப் படிவம், தாயே படித்து நிரப்புவதற்காக எழுதப்பட்டது. பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அதை ஒருவர் வாசித்துக்காட்ட வேண்டும். பக்கத்தில் மாமியாரும் நாத்தனாரும் உட்கார்ந்திருக்கும் வீட்டில், அழும் அளவுக்கு வருத்தமாக இருந்ததா என்ற கேள்விக்கு உண்மையான பதில் வருமா? தனியிடம் அமைத்துக் கேட்பதும் கருவியின் ஒரு பகுதிதான்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் கடைசிச் சோதனை ஒன்று பாக்கி. தராசு நேராக நிற்கிறதா என்று அறிய எடை தெரிந்த படிக்கல்லை வைத்துப் பார்ப்பதுபோல, மருத்துவரின் விரிவான நேர்காணல் முடிவோடு படிவத்தின் மதிப்பெண்ணை ஒப்பிட வேண்டும். ஸ்காட்லாந்து ஆய்வில் 13 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் தமிழ் வடிவத்தைச் சோதித்து 2005-ல் வெளியிட்டபோது, பொருத்தமான எல்லை 9 என்று வந்தது. ஸ்காட்லாந்தின் எல்லையை அப்படியே வைத்திருந்தால் 9-லிருந்து 12 வரை எடுத்த தாய்மார்கள் நலமாக இருப்பவர்கள் என்ற கணக்கில் சேர்ந்துபோயிருப்பார்கள். அதே பத்துக் கேள்விகள்தான். எல்லைக்கோடு நகர்ந்தால் யாருக்குச் சிகிச்சை கிடைக்கும் என்பதே மாறிவிடுகிறது.

வெளியூரில் செய்த கருவியைத் திருத்திக்கொண்டே இருப்பதைவிட, முதலிலேயே எல்லோருமாகச் சேர்ந்து செய்தால் என்ன? 1990-களில் உலக சுகாதார நிறுவனம் அதைத்தான் செய்தது. வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஒரு படிவத்துக்காக உலகின் 15 மையங்களை ஒரே நேரத்தில் வேலையில் இறக்கியது. பாரிஸ், டோக்கியோ, ஹராரே, பாங்காக், டெல்லி ஆகியவற்றோடு அன்றைய மதராசும் அவற்றில் ஒன்று. ஒவ்வொரு மையத்திலும் நோயாளிகளையும் நலமாக இருப்பவர்களையும் மருத்துவப் பணியாளர்களையும் உட்காரவைத்து, நல்ல வாழ்க்கை என்றால் என்னவென்று பேசவிட்டார்கள். கேள்விகளை அவரவர் மொழியிலேயே எழுதினார்கள். குவிந்தவை சுமார் 1,800. வடிகட்டி வடிகட்டி 100-ல் வந்து நின்றது. பின்னாளில் 26 கேள்விகளில் ஒரு சுருக்க வடிவமும் வந்தது.

அதில் என்னை வியக்கவைப்பது பதில்களுக்கு அவர்கள் சொல் தேர்ந்த விதம். பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. ஒரு முனையில் ‘ஒருபோதும் இல்லை’, மறுமுனையில் ‘எப்போதும்’. இரண்டுக்கும் இடையில் புழங்கும் பதினைந்து சொற்களைப் பொதுமக்களிடம் கொடுத்து, ஒவ்வொன்றும் கோட்டில் எங்கே விழும் என்று குறிக்கச் சொன்னார்கள். கால், அரை, முக்கால் தூரங்களில் எந்தச் சொற்கள் விழுந்தனவோ அவையே அந்த மொழியின் விடைகளாயின. அகராதி தர முடியாத துல்லியத்தைச் சாதாரண மக்கள் ஒரு பென்சிலால் தந்தார்கள்.

பல நாடுகளில் சேர்ந்து உருவாக்கிய இன்னொரு கருவி தொழுநோயோடு தொடர்புடையது. இந்த நோய்க்கெனச் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. நோய் குணமான பிறகும் ஊர் ஒதுக்குவதை எப்படி அளப்பது என்பது அந்த நோயோடு வாழ்ந்தவர்களின் நெடுநாள் கேள்வி. இந்தியா, நேபாளம், பிரேசில் நாடுகளில் களப்பணி செய்து 2006-ல் வெளியான பங்கேற்பு அளவுகோல் 18 கேள்விகளால் அதற்கு விடை தேடியது. உங்கள் தட்டும் டம்ளரும் வீட்டில் மற்றவர்களுடைய பாத்திரங்களோடுதான் இருக்கின்றனவா என்பது அதில் ஒன்று. தனித்தட்டின் அவமானத்தை அறிந்த ஊர்களில்தான் இப்படி ஒரு கேள்வி பிறக்க முடியும்.

இன்னொரு நுட்பமும் அதில் இருக்கிறது. வேலை தேடவும் விழாவுக்குப் போகவும் உங்களையொத்தவர்களுக்கு உள்ள அளவு வாய்ப்பு உங்களுக்கும் உண்டா என்றே அது கேட்கிறது. பிரேசில் பெண் தன் தெருப் பெண்களோடு தன்னை ஒப்பிடுவார், செங்கல்பட்டுப் பெண் தன் தெருப் பெண்களோடு. எது இயல்பு என்பதை அந்தந்த ஊரே சொல்லிவிடுகிறது.

இந்த வேலை தமிழாக்கத்தோடு முடிந்துவிடாது. சென்னையில் சோதித்த தமிழ்ப் படிவம் திருப்போரூர்ப் பக்கத்து இருளர் குடியிருப்பில் அப்படியே செல்லும் என்று நம்பிவிடக் கூடாது. மறைமலைநகர்த் தொழிற்சாலைகளுக்கு வட மாநிலங்களிலிருந்து வந்திருக்கும் தொழிலாளர்களிடம் நலம் கேட்கப்போகிறவர்கள் இனி நாம்தான். ஆகவே எந்தப் படிவத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் விசாரிக்க வேண்டியவை மூன்று: இது யாரிடம் சோதிக்கப்பட்டது, எந்த மொழியில், எல்லை மதிப்பெண் எங்கே வகுக்கப்பட்டது? இந்தக் கேள்வி எனக்குப் பொருந்தவில்லையே என்று சொல்லும் நோயாளியை அவசரப்படுத்தாமல், அவர் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து வருபவரைச் சரியாக அளக்க அந்தக் குறிப்புத்தான் உதவும்.