இந்தப் பட்டம் எங்கே செல்லும்?

"மேடம், இன்னைக்கு சாயங்காலத்தோட சீட் முடியுது. இப்ப ஐயாயிரம் போட்டு பிளாக் பண்ணிடுங்க. மீதிய மாசாமாசம் கட்டிக்கலாம்."

46 வயதில் இந்தக் குரலை நம்பிப் பணம் அனுப்பியவள் நான். இருபது ஆண்டுகள் கணக்கு எழுதிய வேலையை விட்டுவிட்டு மனநல ஆலோசகராக வேண்டும் என்று ஆசை. வீட்டிலிருந்தே எம்.எஸ்ஸி. உளவியல் முடித்தால் மருத்துவமனையிலேயே மருத்துவ உளவியலாளராக உட்காரலாம் என்றார்கள். 'மாசாமாசம்' என்று அவர்கள் சொன்னது பல்கலைக்கழகத்தின் தவணை இல்லை, என் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுத்த கடன் என்பது முதல் தவணை வங்கிக் கணக்கிலிருந்து கழிந்த அன்றுதான் தெரிந்தது. ஓடிபி எண்ணைச் சொன்னதும் நான்தான்.

இருபது வயதுப் பிள்ளை தவறான படிப்பில் சேர்ந்தால் இரண்டு வருடம் வீணாகும், மீண்டுவிடலாம். நம் வயதில் அதோடு சேர்ந்து போவது பி.எஃப். பணமும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்துவைத்ததும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "இந்த வயசுல உனக்கு எதுக்குப் படிப்பு?" என்று கேட்டவர்கள் முன்னால் போய், ஏமாந்துவிட்டேன் என்று சொல்ல நா எழாது. நானும் பதினோரு மாதம் வாயைத் திறக்காமல் தவணை கட்டினேன். அந்த மௌனத்தை நம்பித்தான் இப்படிப்பட்டவர்கள் தொழில் நடத்துகிறார்கள் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

நான் செய்த பிழை, படிப்பிலிருந்து வேலையை நோக்கிப் பார்த்தது. வேலையிலிருந்து படிப்பை நோக்கிப் பார்த்திருக்க வேண்டும். ரூபாய் நோட்டைப் போலத்தான் பட்டமும்: வாங்கிக்கொள்பவர் ஏற்றால்தான் செல்லும். மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு வேண்டும். அதற்கான பயிற்சியை அந்தக் கழகம் அங்கீகரித்த நிறுவனத்தில் நேரில் போய்த்தான் பெற முடியும். நான் சேர்ந்த படிப்புக்கு அப்போது அனுமதி இருந்தது. ஆனால் நான் ஆசைப்பட்ட நாற்காலிக்கு அது செல்லாது. இன்றோ அந்தப் படிப்பே கிடையாது. உளவியல், ஊட்டச்சத்து, நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் போன்றவற்றைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தடுத்துவிட்டது. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்" என்று இனியும் யாராவது சீட்டு விற்றால் நம்ப வேண்டாம்.

வக்கீலாகும் ஆசை நம் வயதுக்காரர்களிடம் நிறைய உண்டு. பார் கவுன்சில் கொண்டுவந்த வயது வரம்பை உச்ச நீதிமன்றம் 2017-ல் நிறுத்திவைத்ததால், வயதை எண்ணித் தயங்க வேண்டியதில்லை. ஆனால் சட்டத்தைத் தபாலில் படிக்க முடியாது. மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு 70 சதவீத வருகைப்பதிவு வேண்டும். பகல் முழுக்க அலுவலகத்தில் இருப்பவரிடம் "வராமலே முடிச்சுக் கொடுக்கிறோம்" என்று ஒரு தரகர் சொன்னால், அவர் விற்பது பிற்காலத்தில் வரப்போகும் ஒரு வழக்கை. பொறியியல், செவிலியம், மருந்தியல், பிசியோதெரபி ஆகியவையும் தொலைநிலையில் கிடையாது.

தமிழ்நாட்டில் கல்யாணத்தோடு பத்தாம் வகுப்பில் படிப்பை நிறுத்திய பெண்கள் ஒரு விஷயத்தை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலையில் நேரடியாக வாங்கிய பட்டம் மாநில அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009-லேயே அரசாணை வந்துவிட்டது. பட்டம் வாங்கிய பிறகு பிளஸ் டூ எழுதினாலும் அந்த வரிசைக் கோளாறு தீராது. முதலில் தனித்தேர்வராக பிளஸ் டூ, அதன் பிறகு பட்டம். இதை ஒருவர் முன்னமே சொல்லியிருந்தால் எத்தனை பேருடைய மூன்று வருட உழைப்பு மிஞ்சியிருக்கும்!

இதையெல்லாம் சொல்வது பயமுறுத்த அல்ல. முறையான அனுமதியோடு நடக்கும் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடி வகுப்பில் பெற்ற பட்டங்களுக்குச் சமம் என்று யுஜிசி 2022-ல் தெளிவாகவே அறிவித்தது. 1985-ல் தொடங்கிய இக்னோ, 2002-ல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வயது வரம்பே இல்லாமல் ஐஐடி மெட்ராஸ் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பு என்று நல்ல வாசல்கள் இருக்கின்றன. அந்த ஐஐடி படிப்பை நடுவில் நிறுத்தினாலும், முடித்த நிலைக்கேற்ப சான்றிதழோ டிப்ளமாவோ கிடைக்கும். வீட்டுப் பொறுப்பால் எப்போது நிற்க நேரும் என்று சொல்ல முடியாத நமக்கு அது பெரிய ஆறுதல்.

நிறுவனம் நல்லதா என்று பார்ப்பதற்கு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, அதாவது டெப் இணையதளம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் அங்கே இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்பின் பெயர், சேரும் பருவம் இரண்டும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். 2024 முதல் ஒவ்வொரு மாணவரும் அங்கே டெப் ஐடி எடுத்த பிறகே சேர முடியும். இலவசம்தான், நாமே எடுக்கலாம். "ஐடி நாங்க போட்டுக்குறோம், ஆதார மட்டும் அனுப்புங்க" என்பவரிடம் ஆதாரைக் கொடுக்காதீர்கள். பல்கலைக்கழகம் தன் படிப்பை வேறொரு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடுவதுபோல ஒப்படைப்பதும் விதிப்படி தடை. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசி தனியே வெளியிடுகிறது. 1956-ஆம் ஆண்டு யுஜிசி சட்டம் அவர்களுக்கு விதிக்கும் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை மட்டும். ஆயிரம் ரூபாய்! ஆகவே சட்டம் அவர்களை மிரட்டி நிறுத்தும் என்று காத்திருக்காமல் நாமே பார்த்துக்கொள்வதுதான் காவல்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களுக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்திடமே கட்டியிருந்தால், யுஜிசியின் 2018 அறிவிப்பு கைகொடுக்கும். சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னதாக விலகினால் முழுக் கட்டணமும், ஒரு சிறு பிடித்தம் போக, திரும்ப வர வேண்டும். அதன் பிறகு 90, 80, 50 சதவீதம் என்று குறையும். கடைசித் தேதி போய் 30 நாள் கடந்தால் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு நாளுக்கும் விலை இருக்கிறது. அசல் மார்க்‌ஷீட், டிசி எதையும் கட்டணத்துக்கு ஈடாகப் பிடித்துவைக்க எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை.

செயலி வழியாகக் கடன் ஏறியிருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி முக்கிய விவரத் தாள் உங்களிடம் தரப்பட்டிருக்க வேண்டும். அபராதமில்லாமல் கடனிலிருந்து விலகுவதற்கான அவகாசம் எத்தனை நாள் என்பது அதில் இருக்கும். அசலையும் அத்தனை நாள் வட்டியையும் கட்டி வெளியேறலாம். நடைமுறைக் கட்டணத்தை மட்டும் அவர்கள் பிடித்துக்கொள்ளலாம். எனக்கு இது தெரியாமல் போனது. கடன் நிறுவனத்திடம் எழுத்தில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் இலவசமாக முறையிடலாம்.

நுகர்வோர் நீதிமன்றத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பட்டம் தரும் கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, கோச்சிங் மையங்கள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் தீர்ப்பளித்தது. அதனால் ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பயிற்சி நிறுவனம் என்றால் 1915-க்கு அழையுங்கள். தீரவில்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். நான் கடைசியில் போனது அங்கேதான். முன்னால் இருந்த வழக்கறிஞர் அம்மா என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "அவங்க போன்ல சொன்னதுக்கு எழுத்துல ஏதாச்சும் வச்சிருக்கீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் எதுவும் இல்லை.

ஆகவே யாராவது தொலைபேசியில் சீட்டு, சலுகை, வேலை என்று பேசினால், பணம் அனுப்பும் முன் அன்றே அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று இத்தனை மணிக்கு அழைத்து, இந்தப் படிப்புக்கு டெப் அனுமதி உண்டு என்றும், இது கடன் இல்லை என்றும், முடித்தால் இந்த வேலைக்குத் தகுதி கிடைக்கும் என்றும் சொன்னீர்கள். சரிதானா என்று எழுத்தில் உறுதிப்படுத்தவும்." பதில் வரும்வரை ஐந்து ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.